ஹாட் ஸ்வாப் கன்ட்ரோலர் சிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒரு 48 வோல்ட் கார்டை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

டேட்டா சென்டரிலும் தொலைபேசி நிலையத்திலும் ஒரு கார்டு பழுதாகிவிட்டால், அதற்காக ரேக் முழுவதையும் அணைக்க முடியாது. பேக்பிளேனில் (கார்டுகள் செருகப்படும் பின்பலகையில்) மின்சாரம் இருக்கும்போதே பழைய கார்டை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். புதிய கார்டின் உள்ளீட்டில் உள்ள கெபாசிட்டர்கள் அப்போது வெறுமையாக இருப்பதால், செருகிய கணத்தில் அவை ஏறக்குறைய ஷார்ட் சர்க்யூட் போலவே நடந்துகொள்கின்றன. 48 வோல்ட் தடத்தில் கனெக்டர், கம்பி, கெபாசிட்டரின் உள்தடை எல்லாம் சேர்ந்து 100 மில்லிஓம் என்று வைத்துக்கொண்டால், கணக்குப்படி மின்னோட்டத்தின் உச்சம் 480 ஆம்பியர் வரை போகலாம். கம்பியின் இண்டக்டன்ஸ் அதை ஓரளவு குறைத்தாலும், மிஞ்சுவதே கனெக்டர் ஊசியில் தீப்பொறி எழவும், பேக்பிளேனின் வோல்ட்டேஜ் சரிந்து பக்கத்துக் கார்டுகள் ரீசெட் ஆகவும் போதுமானது.

இதைத் தடுக்க, மின்வழியில் ஒரு மாஸ்ஃபெட்டை (சுவிட்சாக இயங்கும் டிரான்சிஸ்டரை) வைத்து, அதை மெதுவாகத் திறக்கச் செய்யும் சிப்பே ஹாட் ஸ்வாப் கன்ட்ரோலர். தொடக்கத்தில் பாயும் மின்னோட்டத்தை அடக்குவதோடு, கார்டு இயங்கும் காலம் முழுவதும் அதிக மின்னோட்டம், ஷார்ட், குறை வோல்ட்டேஜ், மிகை வோல்ட்டேஜ் ஆகியவற்றையும் அது கண்காணிக்கிறது.

பலர் சிப்பின் அம்சப் பட்டியலிலிருந்து தேர்வைத் தொடங்குகிறார்கள். அந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சுற்றில் எரிந்துபோவது சிப் அல்ல, மாஸ்ஃபெட். ஆகவே அந்த மாஸ்ஃபெட் எவ்வளவு வாட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முதலில் கணக்கிட்டு, அந்த எல்லைக்குள் அதை வைத்திருக்கக்கூடிய சிப்பைப் பிறகு தேட வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே செல்கின்றன.

முதல் படி: தேவைகளை எண்களாக எழுதுதல்

உதாரணத்துக்கு, 40 முதல் 60 வோல்ட் வரை மாறக்கூடிய 48 வோல்ட் தடத்தில், அதிகபட்சம் 300 வாட் இழுக்கும் ஒரு கார்டை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள மொத்தக் கெபாசிட்டன்ஸ் 470 மைக்ரோஃபாரட். கார்டில் இருப்பது மாறாத வாட்டை இழுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர் (ஒரு டிசி வோல்ட்டேஜை வேறொன்றாக மாற்றும் சுற்று) என்பதால் வோல்ட்டேஜ் குறையக் குறைய அது இழுக்கும் மின்னோட்டம் கூடும். எனவே அதிகபட்ச மின்னோட்டத்தை 40 வோல்ட்டில் கணக்கிட வேண்டும். 300-ஐ 40-ஆல் வகுத்தால் 7.5 ஆம்பியர். மாஸ்ஃபெட் படும் பாட்டையோ 60 வோல்ட்டில் கணக்கிட வேண்டும். இரண்டையும் 48 வோல்ட்டிலேயே கணக்கிடுவதுதான் தொடக்கநிலை வடிவமைப்புகளில் அடிக்கடி காணப்படும் பிழை.

தடத்தின் துருவத்தையும் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசித் துறையின் மரபான தடம் மைனஸ் 48 வோல்ட். ஐரோப்பியத் தர ஆவணமான இடிஎஸ்ஐ இஎன் 300 132-2 அதன் இயல்பான இயக்க வீச்சை மைனஸ் 40.5 முதல் மைனஸ் 57 வோல்ட் வரை என்று வரையறுக்கிறது. அங்கே மாஸ்ஃபெட் எதிர்மறை வழியில் அமர்வதால், எல்எம்5067, ஏடிஎம்1075 போன்று அதற்கெனவே செய்யப்பட்ட சிப்கள் தேவை. நம் உதாரணம் டேட்டா சென்டர் ரேக்கின் நேர்மறை 48 வோல்ட் தடம். இதில் என்-சேனல் மாஸ்ஃபெட்டின் கேட்டை (அதைத் திறந்து மூடும் முனையை) உள்ளீட்டு வோல்ட்டேஜுக்கும் மேலே உயர்த்தியாக வேண்டும் என்பதால், சிப்புக்குள் அந்த உயர் வோல்ட்டேஜை உண்டாக்கும் சார்ஜ் பம்ப் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: இ-ஃபியூஸா, தனிக் கன்ட்ரோலரா

மாஸ்ஃபெட்டையும் கன்ட்ரோலரையும் ஒரே சில்லில் அடக்கியவை இ-ஃபியூஸ்கள். மாஸ்ஃபெட்டின் வெப்பத்தைச் சிப்பே நேரடியாக அளந்து, சூடு மீறினால் உடனே அணைத்துவிடும் என்பதால் பாதுகாப்புக் கணக்கின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே முடித்துவிடுகிறார். 2.7 முதல் 24 வோல்ட் வரை 15 ஆம்பியர் கையாளும் டிபிஎஸ்25982 இதற்கு நல்ல உதாரணம். 12 வோல்ட் தடத்தில் சில ஆம்பியர் மட்டும் தேவைப்படும் எஸ்எஸ்டி, விசிறித் தட்டு போன்றவற்றுக்கு வேறு எதையும் தேட வேண்டியதில்லை. 48 வோல்ட்டில் பல ஆம்பியர், பெரிய கெபாசிட்டர் என்ற நிலைக்கு வரும்போது, வெளியே ஒரு வலுவான மாஸ்ஃபெட்டும் அதை ஆளும் தனிக் கன்ட்ரோலரும் என்ற அமைப்பே பெரும்பாலும் பொருந்தும். நம் கார்டு அந்த வகையைச் சேர்ந்தது.

மூன்றாம் படி: மாஸ்ஃபெட்டின் பாதுகாப்பு எல்லை

இந்தப் படிக்கு அவசரமின்றி நேரம் கொடுக்க வேண்டும். ஒரு கெபாசிட்டரை நிலையான வோல்ட்டேஜ் மூலத்திலிருந்து நிரப்பும்போது, கெபாசிட்டரில் சேரும் அதே அளவு ஆற்றல் வழியிலும் வெப்பமாகக் கழிகிறது. நம் கார்டில் அது, 470 மைக்ரோஃபாரடை 60-இன் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைக்கும் ஏறக்குறைய 0.85 ஜூல். மெதுவாக நிரப்பினாலும் வேகமாக நிரப்பினாலும் இந்த அளவு மாறாது. ஆனால் அதே ஆற்றலை அதிக நேரத்தில் பரப்பினால், வெப்பம் சில்லிலிருந்து உறைக்கும் அங்கிருந்து பிசிபியின் செம்புக்கும் இறங்க அவகாசம் கிடைக்கிறது. ஆகவே மெதுவான தொடக்கம் பொதுவாக மாஸ்ஃபெட்டுக்கு நல்லது.

எவ்வளவு மெதுவாக என்பதை மாஸ்ஃபெட்டின் டேட்டாஷீட்டில் உள்ள எஸ்ஓஏ (பாதுகாப்பான இயக்க எல்லை) வரைபடம் சொல்கிறது. ஒவ்வொரு டிரெயின்-சோர்ஸ் வோல்ட்டேஜிலும் (மாஸ்ஃபெட்டில் மின்னோட்டம் நுழையும், வெளியேறும் முனைகளுக்கு இடையிலான வோல்ட்டேஜ்) 1 மில்லிசெகண்ட், 10 மில்லிசெகண்ட், 100 மில்லிசெகண்ட் என வெவ்வேறு நேரங்களுக்கு எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை அது காட்டும். இங்கே ஒரு பொறி உள்ளது. பவர் சப்ளை ஸ்விட்சிங்குக்காகச் செய்யப்படும் நவீன டிரெஞ்ச் மாஸ்ஃபெட்கள், திறந்த நிலையில் மிகக் குறைந்த தடையைக் காட்டுவதற்காகவே மெருகேற்றப்பட்டவை. பாதி திறந்த நிலையில் அவை பலவீனமானவை. அந்த நிலையில் சில்லின் ஓரிடம் சற்றுச் சூடானால் அங்கே கேட்டின் தொடக்க வோல்ட்டேஜ் குறைகிறது. அதனால் அந்த இடம் மேலும் மின்னோட்டத்தை இழுத்து, மேலும் சூடாகி, இறுதியில் உருகிவிடுகிறது. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பவுலோ ஸ்பிரிட்டோவின் பெயரால் இது ஸ்பிரிட்டோ விளைவு எனப்படுகிறது. எஸ்ஓஏ வரைபடத்தில் அதிக வோல்ட்டேஜ் பக்கம் போகும்போது கோடுகள் திடீரெனச் செங்குத்தாகச் சரிவதே இதன் அடையாளம். 48 வோல்ட் வேலைக்கான ஒரு மாஸ்ஃபெட்டின் வரைபடத்தில் அந்தச் சரிவே தென்படவில்லை என்றால், அந்தக் கோடுகள் அளந்து வரையப்பட்டவையா, வெப்பத்தடையிலிருந்து கணக்கிட்டு மட்டும் வரையப்பட்டவையா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இன்ஃபினியானின் ஆப்டிமோஸ் லீனியர் ஃபெட், நெக்ஸ்பீரியாவின் ஹாட் ஸ்வாப் ஏஎஸ்ஃபெட் போன்ற வரிசைகள் பாதி திறந்த நிலையைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாம் எடுத்துக்கொண்ட 100 வோல்ட் மாஸ்ஃபெட் 60 வோல்ட்டில் 1 மில்லிசெகண்டுக்கு 5 ஆம்பியர், 10 மில்லிசெகண்டுக்கு 2 ஆம்பியர், 100 மில்லிசெகண்டுக்கு 0.8 ஆம்பியர் தாங்கும் என்று வரைபடம் காட்டுவதாகக் கொள்வோம். வாட்டில் இவை முறையே 300, 120, 48. ஆனால் இந்த எண்கள் உறையின் வெப்பம் 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே உண்மை. மாஸ்ஃபெட்டின் உச்ச வெப்பம் 175 டிகிரி, உறை ஏற்கெனவே 100 டிகிரி என்றால், மீதமுள்ள 75 டிகிரியை 150-ஆல் வகுத்துக் கிடைக்கும் பாதி அளவே நமக்கு உரியது. செருகும்போது கார்டு குளிர்ந்துதானே இருக்கும் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஓடிச் சூடான கார்டு ஒரு நொடி மின்தடைக்குப் பிறகு மீண்டும் தொடங்குவதும் நடக்கும்.

கெபாசிட்டரை 50 மில்லிசெகண்டில் நிரப்பினால் 0.56 ஆம்பியர் பாயும். தொடக்க உச்சம் 34 வாட். அது நேர்கோட்டில் பூச்சியத்துக்கு இறங்குவதால், அதே ஆற்றலுள்ள 25 மில்லிசெகண்ட் சதுரத் துடிப்பாக எண்ணிக்கொள்ளலாம். 10-க்கும் 100-க்கும் இடையில் மடக்கை அளவில் இடைமதிப்பிட்டால் 25 மில்லிசெகண்டுக்கு மாஸ்ஃபெட் 83 வாட் தாங்கும். சூட்டுக்காகப் பாதியாக்கினால் 42 வாட். 34-க்கு எதிரே 42 என்பது 1.2 மடங்கு மட்டுமே. இந்த இடைவெளி போதாது. நேரத்தை 80 மில்லிசெகண்டாக நீட்டினால் மின்னோட்டம் 0.35 ஆம்பியராகவும் உச்சம் 21 வாட்டாகவும் இறங்கும்; 40 மில்லிசெகண்டுக்கான எல்லை, சூட்டுக்குப் பிறகு, ஏறக்குறைய 35 வாட். இப்போது இடைவெளி 1.6 மடங்கு. இதை ஏற்கலாம்.

மாஸ்ஃபெட்களை இணையாக வைத்தால் இந்தச் சுமை பங்கிடப்படும் என்று நம்பக் கூடாது. முழுதாகத் திறந்தபின் அவை பங்கிட்டுக்கொள்ளும். பாதி திறந்த நிலையில், தொடக்க வோல்ட்டேஜ் மிகக் குறைவாக உள்ள ஒன்றே ஏறக்குறைய முழுச் சுமையையும் ஏற்கும். எத்தனை மாஸ்ஃபெட் இருந்தாலும் எஸ்ஓஏ கணக்கை ஒன்றுக்கே போட வேண்டும். பெரிய மின்னோட்டங்களுக்கு இந்தச் சிக்கலைத் தீர்க்கவே எல்டிசி4282 போன்ற சிப்கள், தனித்தனி மின்னோட்ட வரம்புள்ள இரண்டு வழிகளாகப் பாதையைப் பிரித்துக் கட்டுப்படுத்துகின்றன.

நான்காம் படி: சிப்பைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது தேவை தெளிவு. 60 வோல்ட்டுக்கு மேல் இயங்க வேண்டும். அதோடு மாஸ்ஃபெட்டின் வாட்டையே கணித்து அடக்க வேண்டும். மின்னோட்டத்தை மட்டும் வரம்பிடும் எளிய சிப்பில், வெளியீடு ஷார்ட் ஆகும்போது முழு வரம்பு மின்னோட்டமும் முழு வோல்ட்டேஜும் ஒருசேர மாஸ்ஃபெட் மேல் விழும். நம் கார்டில் அது, ஐந்தாம் படியில் கணக்கிடப்போகும் 11 ஆம்பியர் வரம்பும் 60 வோல்ட்டுமாக, 660 வாட். வாட் வரம்புள்ள சிப்போ, மாஸ்ஃபெட் மேலுள்ள வோல்ட்டேஜ் உயர உயர மின்னோட்ட வரம்பைத் தானே குறைத்துக்கொள்ளும். 12 வோல்ட் தடத்தில் இந்த அம்சம் இல்லாமல்கூடச் சமாளிக்கலாம். 48 வோல்ட்டில் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

9 முதல் 80 வோல்ட் வரை இயங்கும் எல்எம்5069 இந்தத் தேவைக்குப் பொருந்தும். நேஷனல் செமிகண்டக்டர் உருவாக்கிய இந்தச் சிப், அந்நிறுவனத்தை 2011-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிய பிறகும் தொடர்ந்து வருகிறது. மின்னோட்டம், வோல்ட்டேஜ், வாட் ஆகியவற்றை அளந்து பிஎம்பஸ் (மின்வழங்கல் சிப்களோடு பேசும் தொடர்புத் தடம்) வழியாகச் சொல்ல வேண்டும் என்றால் அதே குடும்பத்தின் எல்எம்5066-ஐயோ, அனலாக் டிவைசஸின் ஏடிஎம்1272-ஐயோ பார்க்கலாம். 12 வோல்ட் தடத்துக்கு ஏடிஎம்1278, எல்எம்25066 ஆகியவை உள்ளன. ஆயிரக்கணக்கான கார்டுகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் இடத்தில், கார்டு ஏன் அணைந்தது என்ற பதிவு பிஎம்பஸ் வழியாகக் கிடைப்பது பெரிய உதவி. மேலாண்மை மென்பொருளே இல்லாத கருவியில் அது வீண் செலவு.

பிழைக்குப் பிறகு சிப் அணைந்தே இருக்க வேண்டுமா, தானாக மறுபடி முயல வேண்டுமா என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். எல்எம்5069-இல் 1 என்று முடியும் வகை அணைந்தே இருக்கும். 2 என்று முடியும் வகை மறுமுயற்சி செய்யும். ஆள் எளிதில் போக முடியாத கோபுர அடிவாரக் கருவிக்கு மறுமுயற்சி தேவை. ஆட்கள் நடமாடும் டேட்டா சென்டரில், எரிந்த பாகமுள்ள கார்டுக்குத் திரும்பத் திரும்ப மின்சாரம் ஊட்டுவதைவிட அணைந்தே இருப்பது நல்லது என்பேன்.

ஐந்தாம் படி: பாகங்களின் மதிப்புகள்

சென்ஸ் மின்தடை (தன் மேல் எழும் வோல்ட்டேஜால் மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை): எல்எம்5069-இன் மின்னோட்ட வரம்பு 55 மில்லிவோல்ட்டில் தூண்டப்படுகிறது, மாறுபாட்டின் கீழ் எல்லை 48.5 மில்லிவோல்ட். 5 மில்லிஓம் மின்தடையை வைத்தால் வரம்பு வழக்கமாக 11 ஆம்பியர், மிகக் குறைந்தால் 9.7 ஆம்பியர். கார்டு இழுக்கும் 7.5 ஆம்பியருக்கு மேலே போதிய இடைவெளி உள்ளது. எப்போதும் கீழ் எல்லையை வைத்தே சரிபார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் நூற்றில் சில கார்டுகள் மட்டும் முழுச் சுமையில் காரணமின்றி அணையும்.

வாட் வரம்பு: இதை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துவிட முடியாது. மிகக் குறைத்தால் சென்ஸ் மின்தடையில் எழும் வோல்ட்டேஜ் சிப்பின் பிழை அளவுக்கே இறங்கிவிடும். அது 5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போகாதபடி வைத்தால், 5 மில்லிஓமில் 1 ஆம்பியர். 60 வோல்ட்டில் 60 வாட். தொடக்கத்தின் 21 வாட் இதற்கு வெகு கீழே இருப்பதால், இயல்பான தொடக்கத்தில் இந்த வரம்பு குறுக்கிடாது.

கேட் கெபாசிட்டர்: வெளியீடு உயரும் வேகத்தை நிர்ணயிப்பது கேட்டுக்கும் தரைக்கும் இடையே வைக்கும் கெபாசிட்டர். சிப்பின் கேட் மின்னோட்டம் வழக்கமாக 16 மைக்ரோஆம்பியர். 60 வோல்ட்டை 80 மில்லிசெகண்டில் ஏற்ற வேண்டுமானால் 21 நானோஃபாரட் வருகிறது. சந்தையில் கிடைக்கும் 22 நானோஃபாரடை வைக்கலாம். கேட் மின்னோட்டம் மேல் எல்லையான 22 மைக்ரோஆம்பியராக இருந்தால் தொடக்கம் 60 மில்லிசெகண்டாகச் சுருங்கும். அப்போதும் 28 வாட்டுக்கு எதிரே 39 வாட் எல்லை உள்ளது. இந்தக் கெபாசிட்டரோடு தொடராக 1 கிலோஓம் மின்தடையை இட வேண்டும். இல்லையெனில் ஷார்ட்டின்போது கேட்டைச் சட்டென்று இறக்க முடியாமல் கெபாசிட்டர் இழுத்துப் பிடிக்கும்.

டைமர்: பிழை ஏற்பட்டால் 85 மைக்ரோஆம்பியர் டைமர் கெபாசிட்டரை 4 வோல்ட்வரை ஏற்றும், அதுவரையே மாஸ்ஃபெட் வரம்பு நிலையில் தவிக்கும். 47 நானோஃபாரடுக்கு அது 2.2 மில்லிசெகண்ட். அந்த நேரத்துக்கு மாஸ்ஃபெட்டின் எல்லை, சூட்டைக் கழித்த பிறகு, ஏறக்குறைய 110 வாட். வாட் வரம்போ 60. ஆகவே ஷார்ட்டான வெளியீட்டில் செருகினாலும் மாஸ்ஃபெட் பிழைக்கும். இதே கெபாசிட்டர்தான், செருகியதும் ஊசிகள் நடுங்கி அடங்கும்வரை காத்திருக்கும் நேரத்தையும் நிர்ணயிக்கிறது. அப்போது ஏற்றுவது 5.5 மைக்ரோஆம்பியர் என்பதால் 34 மில்லிசெகண்ட் கிடைக்கும். கார்டை மெதுவாகச் செருகுபவரின் கைக்கு இது போதாது என்பதால், கனெக்டரில் தரை ஊசியை நீளமாகவும், கன்ட்ரோலரை இயக்கும் ஊசியை எல்லாவற்றிலும் குட்டையாகவும் அமைத்து, கடைசியாக அது தொட்ட பிறகே தொடக்கம் நிகழும்படி செய்ய வேண்டும்.

மேலே உள்ள கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: கெபாசிட்டர் நிரம்பும்வரை கார்டின் சுமை இயங்கவே கூடாது. அந்த 80 மில்லிசெகண்டுக்குள் டிசி-டிசி கன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு 2 ஆம்பியர் இழுத்தால், கெபாசிட்டருக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தைவிட அதிகம் மாஸ்ஃபெட் வழியாகப் பாய்ந்து, வாட் வரம்பு தூண்டப்பட்டு, கார்டு எழவே எழாது. வெளியீடு தயார் என்று சொல்லும் கன்ட்ரோலரின் பவர் குட் சமிக்ஞையைக் கன்வெர்ட்டரை இயக்கும் எனேபிள் ஊசியோடு இணைப்பது கட்டாயம்.

ஆறாம் படி: இண்டக்டன்ஸும் பிசிபியும்

வெளியீடு ஷார்ட் ஆகும்போது, 1 மைக்ரோஹென்றி கம்பியில் மின்னோட்டம் ஒரு மைக்ரோசெகண்டுக்கு 48 ஆம்பியர் வீதம் ஏறும். சென்ஸ் வோல்ட்டேஜ் 105 மில்லிவோல்ட்டைத் தாண்டியதும், அதாவது நம் கார்டில் 21 ஆம்பியரில், சிப் கேட்டை வலுவாக இழுத்து அணைக்கும். அப்போது கம்பியில் தேங்கிய ஆற்றல் உள்ளீட்டில் வோல்ட்டேஜ் முள்ளாக எழும். சிப்பின் அறுதி எல்லை 100 வோல்ட். உள்ளீட்டில் பெரிய கெபாசிட்டர் வைத்து அதை அடக்கலாம் என்றால், செருகும்போது அந்தக் கெபாசிட்டரே கட்டுப்பாடில்லாத பாய்ச்சலை உண்டாக்கும். எனவே வோல்ட்டேஜ் முள்ளை வெட்டிப் பிடிக்கும் டிவிஎஸ் டயோடுதான் வழி. எஸ்எம்சிஜே60ஏ வகை 60 வோல்ட்வரை அமைதியாக இருந்து, 15.5 ஆம்பியரில் 96.8 வோல்ட்டில் பிடிக்கும். நம் 21 ஆம்பியருக்கு அது பற்றாது. அதே வோல்ட்டேஜில் 5000 வாட் வகையை எடுத்தால் எல்லைக்குள் நிற்கும். வெளியீடு தரைக்குக் கீழே போகாமலிருக்க அங்கே ஒரு ஷாட்கி டயோடும் வேண்டும்.

பிசிபியில், சென்ஸ் மின்தடையின் இரு முனைகளிலிருந்தும் சிப்புக்குப் போகும் கோடுகள் மின்தடையின் பேடிலிருந்தே தனியாகப் புறப்பட வேண்டும். அகலமான செம்பின் நடுவிலிருந்து எடுத்தால், செம்பின் அரை மில்லிஓம்கூட 5 மில்லிஓமில் பத்து சதவீதப் பிழையாகிவிடும். கேட்டுக்கு ஒட்டியே 10 ஓம் மின்தடையை வைத்தால் அலைவு எழாது. மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்குத் தாராளமாகச் செம்பு கொடுக்கலாம். ஆனால் 2 மில்லிசெகண்ட் துடிப்பில் அந்தச் செம்புக்குப் பங்கில்லை, ஏனெனில் அதற்குள் வெப்பம் உறையைத் தாண்டுவதே இல்லை. செம்பைப் பெருக்கி எஸ்ஓஏ குறையை ஈடுகட்ட முடியாது.

ஏழாம் படி: மேசையில் சோதித்தல்

ஆசிலோஸ்கோப்பில் உள்ளீட்டு வோல்ட்டேஜ், வெளியீட்டு வோல்ட்டேஜ், கேட் ஆகிய மூன்றையும், கரண்ட் புரோபில் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். 60 வோல்ட்டில் சாதாரணத் தொடக்கம். வெளியீட்டை ஷார்ட் செய்துவிட்டுத் தொடக்கம். முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு வெளியீட்டை ஷார்ட் செய்தல். 40 வோல்ட்டிலிருந்து 60-க்கு உள்ளீட்டைத் திடீரெனத் தாவச் செய்தல். சில மில்லிசெகண்ட் மின்தடை கொடுத்து மீட்டல். இவற்றில் மூன்றாவதே மிகக் கடுமையானது. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: முழுதாகத் திறந்திருக்கும் மாஸ்ஃபெட் வழியாகக் கெபாசிட்டர் மேலும் 20 வோல்ட் நிரம்பும்போது மின்னோட்ட வரம்பு தூண்டப்படும், டைமர் மிகக் குறுகியதாக இருந்தால் நல்ல கார்டு அணைந்துபோகும். வெப்பப் பெட்டி இருந்தால் இதே சோதனைகளைக் கருவியின் உச்ச வெப்பநிலையிலும் செய்ய வேண்டும்.

சோதனை முடிந்து உற்பத்திக்குப் போகும் பாகப் பட்டியலில், மாஸ்ஃபெட்டின் வரிக்கு எதிரே அதன் எஸ்ஓஏ தேவையையும் எழுதி அனுப்ப வேண்டும்: 60 வோல்ட்டில், 2.2 மில்லிசெகண்டுக்கும் 40 மில்லிசெகண்டுக்கும், 100 டிகிரி உறை வெப்பத்தில் எத்தனை வாட் என்று. தட்டுப்பாடு வரும்போது கொள்முதல் பிரிவு அதே 100 வோல்ட், அதே உறை, இன்னும் குறைந்த தடை என்று ஒரு மாற்று மாஸ்ஃபெட்டை நல்லெண்ணத்துடனேயே வாங்கிவிடும். தடை குறைந்த அந்தப் புதிய சில்லின் எஸ்ஓஏ பழையதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம் என்பதால், மாற்றுப் பாகம் வரும் ஒவ்வொரு முறையும் மூன்றாம் படியின் கணக்கையும், சூடான ஷார்ட் சோதனையையும் மறுபடி செய்தாக வேண்டும்.